எட்டே முக்கால் மணித்தியாலம்

பரீட்சையில் நூற்றுக்கு 99.9 புள்ளி எடுத்த பிள்ளையை எந்த உம்மாவும் ஏச மாட்டார். அந்த எண்ணைக் கண்டதும் நம் மனம் அதை நூறாகவே எடுத்துக்கொள்ளும். இணையத்தளங்களை வாடகைக்கு வைத்து இயக்கித் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் தங்கள் விளம்பரங்களில் பெரும்பாலும் இந்த எண்ணையே போடுகின்றன. "உங்கள் தளம் 99.9 வீதம் இயங்கும்" என்பதே அவர்களின் வாக்குறுதி. மிஞ்சிய 0.1 எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கடந்த நோன்பில் எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன ஊர். என் மாமாவிடம் நான்கு தறிகள் உள்ளன. சாரி, சாரம், மேசை விரிப்பு எல்லாம் அங்கே நெய்யப்படும். மாமாவையும் மாமியையும் தவிர இரண்டு பெண்கள் கூலிக்கு நெய்கிறார்கள். அவர்களில் ஒருவர் கணவனை இழந்தவர். அவருடைய மூன்று பிள்ளைகளின் பாடசாலைச் செலவு அந்தத் தறியிலிருந்துதான் வருகிறது.

2022 இல் எரிபொருள் வரிசையும், ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும் வந்தபோது, வெளியூரிலிருந்து வந்து வாங்குபவர்கள் நின்றுபோனார்கள். அப்போதுதான் கொழும்பில் வேலை பார்க்கும் என் காக்கா ஓர் இணையத்தளம் அமைத்துக் கொடுத்தார். உம்மா சாரிகளைப் படம் எடுப்பார், விலை போடுவார், வருகின்ற ஓடர்களைக் கொப்பியில் எழுதுவார். தளம் இருக்கும் சேவையகம் அமெரிக்காவில் உள்ளது. அதற்கு மாதம் 5 டொலர் வாடகை. ஒரே சேவையகத்தில் இன்னும் பல நூறு பேரின் தளங்களும் இருக்கும். அதனால்தான் அந்த விலை.

நோன்பின் கடைசிப் பத்தில்தான் எங்களுக்கு அதிக வியாபாரம். பகலில் யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தறாவீஹ் முடிந்து ஸஹர் வரைக்கும் உள்ள நேரத்தில்தான் பெண்கள் தொலைபேசியைக் கையில் எடுத்துப் பெருநாள் சாரி தேடுவார்கள். அப்படியான ஓர் இரவில் 9.40 மணிக்கு எங்கள் தளம் நின்றுபோனது. அதிகாலை 3 மணிக்குத்தான் திரும்ப வந்தது. மொத்தம் 5 மணித்தியாலமும் 20 நிமிடமும். சேவையகத்தின் வன்தட்டுத் தொகுதியில் கோளாறு என்று நிறுவனம் அறிவித்தது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

அடுத்த நாள் நோன்பு திறந்த பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சரியான கோபம்.

"சல்லியும் கட்டிப்போட்டு இரவெல்லாம் முழிச்சுக்கொண்டும் இருக்கணுமா? அடுத்த மாசம் வருசக் காசு கட்டணுமாம். அந்தச் சல்லிக்கு நான் நூல் வாங்கிப் போடுறன். அதை மூடச் சொல்லுங்க" என்றார்.

காக்கா தொலைபேசியில், "மாமா, மாதம் 40 டொலருக்கு நல்ல சேவர் ஒன்று இருக்கு. அதுக்கு மாறுவம். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்" என்றார்.

உம்மா இருவருக்கும் நடுவில். கடைசியில் மாமா என் பக்கம் திரும்பி, "மகள், நீதானே ஐசிடி படிக்கிற. இதுல யார்ர பிழை எண்டு நீயே கணக்குப் பார்த்துச் சொல்லு" என்றார்.

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. தளத்தை மூடினால் உம்மாவின் சிறு வருமானம் போகும். தறியில் நெய்யும் இரண்டு பெண்களில் ஒருவரையாவது நிறுத்த வேண்டி வரும். வைத்துக்கொண்டு ஏமாந்தால் நூல் வாங்கும் காசு வீணாகும். ஆகவே கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் எளிய பெருக்கல். ஒரு வருடத்தில் 365 நாட்கள், அதாவது 8,760 மணித்தியாலங்கள். அதில் 0.1 வீதம் என்பது 8.76 மணித்தியாலம். ஏறத்தாழ எட்டே முக்கால் மணித்தியாலம் தளம் நின்றுபோனாலும் நிறுவனம் தன் 99.9 வீத வாக்கைக் காப்பாற்றியதாகவே கணக்கு வரும். 99 வீதம் மட்டும் என்றால் வருடத்தில் மூன்றரை நாட்களுக்கும் மேல் நிற்கலாம். 99.99 வீதம் என்றால் 53 நிமிடம் கூட இல்லை. 99.999 வீதம் என்றால் ஐந்தேகால் நிமிடம். கடைசியில் ஓர் ஒன்பதைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் நிற்கும் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. விலையோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஏறுகிறது.

அடுத்தது, அந்த வீதம் எந்தக் காலத்துக்கு என்ற கேள்வி. எங்கள் 320 நிமிடங்களை ஒரு வருடத்துக்குப் பரப்பினால் தளம் 99.94 வீதம் இயங்கியிருக்கிறது. வாக்குறுதி நிறைவேறிவிட்டது. அதையே 30 நாட்கள் கொண்ட ஒரு மாதத்துக்குப் பார்த்தால் அனுமதி வெறும் 43 நிமிடம். நாங்கள் பெற்றதோ 99.26 வீதம். வாக்குறுதி மீறப்பட்டுவிட்டது. ஒரே இரவு, ஒரே கோளாறு. ஒரு கணக்கில் நிறுவனம் சித்தி, மற்றக் கணக்கில் தவறல்.

எங்கள் ஒப்பந்தத்தில் மாதக் கணக்கு என்றே இருந்தது. காக்கா முறைப்பாடு எழுதினார். நிறுவனம் மறுக்கவில்லை. ஒப்பந்தப்படி அந்த மாத வாடகையில் பத்து வீதத்தைக் கழித்துத் தந்தது. ஐந்து டொலரில் பத்து வீதம் ஐம்பது சதம். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 150 ரூபா.

"நூற்றைம்பது ரூபாயா?" என்று மாமா சிரித்தார். கோபம் போய்ச் சிரிப்பு வந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தால் இதுதான் வழமை. ஈடாகக் கிடைப்பது வாடகையின் ஒரு பங்கு மட்டுமே. போன வியாபாரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரத்தையும் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. இவை சிறிய எழுத்தில் இருந்தாலும் எழுத்தில்தான் இருக்கின்றன.

"அப்ப நூற்றுக்கு நூறு ஓடுற சேவர் உலகத்துல இல்லையா?" என்று உம்மா கேட்டார்.

இல்லை. பணம் குவிந்து கிடக்கும் நிறுவனங்களிடமும் இல்லை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நின்றன. வழமையான பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களின் தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. பிழையான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு வழு இருந்தது. அமேசன் நிறுவனத்துக்கு 2017 பெப்ரவரி 28 இல் இதைப் போன்ற ஒன்று நடந்தது. வேர்ஜினியாவில் சில சேவையகங்களை மட்டும் நிறுத்த நினைத்த ஊழியர் கட்டளையில் ஒரு பகுதியைத் தவறாகத் தட்டினார். நினைத்ததைவிட மிக அதிகமான சேவையகங்கள் கழன்றுபோயின. அவற்றை நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் நான்கு மணித்தியாலம் தடுமாறின. அந்தத் தொகுதிகளைப் பல வருடங்களாக முழுமையாக நிறுத்தித் தொடக்கியதே இல்லை, அதனால்தான் மீண்டும் தொடக்க எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்தது என்று அமேசன் பிறகு எழுதியது. நிற்காமல் ஓடியதே அங்கே பலவீனமாகிவிட்டது.

இதற்குக் காரணம் ஒரு தளம் பல கண்ணிகள் கொண்ட சங்கிலி என்பதுதான். மின்சாரம், கேபிள், பெயரை முகவரியாக மாற்றும் சேவை, வன்தட்டு, மென்பொருள் என்று ஐந்து கண்ணிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தனித்தனியாக 99.9 வீதம் நம்பத்தக்கது என்று வைப்போம். ஐந்தும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் தளம் தெரியும். நிகழ்தகவுப் பாடத்தில் படித்தபடி ஐந்தையும் பெருக்கினால் 99.5 வீதம்தான் வரும். வருடத்துக்கு 43 மணித்தியாலத்துக்கும் மேல் நிற்கலாம். ஒவ்வொரு கண்ணியும் நல்லது, சங்கிலி மட்டும் அந்த அளவுக்கு நல்லதில்லை.

எங்கள் நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். அன்று எங்கள் தளம் அமெரிக்காவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர்களின் வீட்டில்தான் மின்சாரம் இல்லை.

காக்கா சொன்ன இரட்டைச் சேவையகத்தின் பலனும் அதே பெருக்கலில் தெரியும். தனியாக 99 வீதம் மட்டுமே இயங்கும் இரண்டு சேவையகங்களை ஒன்றுக்கொன்று துணையாக வைத்தால், இரண்டும் ஒன்றாக நிற்கும் வாய்ப்பு நூறில் ஒன்றின் நூறில் ஒன்று. அதாவது 99.99 வீதம் கிடைக்கும். ஆனால் ஒன்றின் கேடு மற்றதைத் தொடக்கூடாது. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையம் ஒன்று தீயில் அழிந்தது. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த மாமா, "கோளாறு வந்து நிற்கிறது சரி. அவங்களே நிறுத்துறாங்களே, மாசத்துக்கு ஒருக்கா மெயில் வருதே, அது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

நான் சேவையகத்தின் இயங்குதளத்தில் பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்படுவதையும், அவற்றைத் திருத்தினால் பெரும்பாலும் மீளத் தொடக்க வேண்டியிருப்பதையும், தேயும் வன்தட்டை முழுதாகச் சாகுமுன் மாற்றுவதையும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவரே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பாவு முடிஞ்சா தறி நிக்கும். புதுப் பாவு பிணைக்க ஒரு நாள் போகும். அந்த நாளைக்கு ஒரு முழமும் நெய்ய ஏலாது. அதுக்காக ஆரும் பாவு பிணைக்காம விடுறதில்ல. அச்சுல தூசி அடைச்சாலும் நிப்பாட்டித் துடைக்கத்தான் வேணும். அப்படித்தானே?" என்றார்.

அப்படித்தான். நான் பத்து நிமிடம் எடுத்திருப்பதை அவர் சில வசனங்களில் சொல்லி முடித்தார். ஒன்றை மட்டும் நான் சேர்த்தேன். மாமா எந்த நாளில் தறியை நிறுத்துவது என்று தானே தீர்மானிக்கிறார். சேவையகத்தை நிறுத்தும் நேரத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார். அமெரிக்காவில் ஆட்கள் உறங்கும் அதிகாலை 2 மணிதான் அங்கே பராமரிப்புக்கு உகந்த நேரம். அவர்களின் கிழக்குக் கரையில் கோடைகாலத்தில் 2 மணி என்றால் நமக்குப் பகல் 11.30. நோன்பில் அது எங்களுக்கு அமைதியான நேரம் என்பதால் தற்செயலாக நன்மைதான். ஆனால் நோன்பு அல்லாத காலத்தில் பகல் பன்னிரண்டை அண்டிய நேரத்தில்தான் கொழும்பு அலுவலகங்களில் இருப்பவர்கள் எங்கள் தளத்தைப் பார்ப்பார்கள். நம்முடைய வாடிக்கையாளர் எப்போது விழித்திருக்கிறார் என்று நம்மைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொரு வேறுபாட்டையும் அன்றுதான் வீட்டில் பேசினோம். தளம் நிற்பது வேறு, தளத்தில் உள்ளது அழிவது வேறு. அலுமாரித் திறப்பு ஒரு மணித்தியாலம் காணாமற்போனால் உள்ளே இருக்கும் நகைக்கு ஒன்றும் ஆகாது. நகையே போனால் திறப்பு இருந்தும் பயனில்லை. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மேகக்கணிமைத் தொகுதி கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச அலுவலக மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. அந்தச் சேவை மறுபடி இயங்கியது, இழந்த மூன்று மாதம் திரும்பவில்லை.

எங்கள் தளத்தில் மாமாவின் முந்நூறுக்கும் மேற்பட்ட சாரி வடிவங்களின் படங்கள் இருக்கின்றன. அவற்றில் பல சாரிகள் விற்றுப்போய்விட்டன. படம் மட்டுமே மிச்சம். யாராவது பழைய வடிவத்தைக் கேட்டால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாவு போடுவார். ஐந்து மணித்தியாலம் நின்றதைப் பற்றிச் சத்தம் போட்ட நாங்கள் அவை அழிந்தால் என்ன செய்வோம் என்று கேட்டபோது வீடு அமைதியாகிவிட்டது. நிறுவனம் நாள்தோறும் எடுப்பதாகச் சொன்ன காப்புப் பிரதியும் அதே சேவையகத்திலேயே இருந்தது.

பிறகு செலவுக் கணக்கு. அந்த இரவில் வழமையாக வரக்கூடிய ஓடர்கள் நான்கு என்று உம்மாவின் கொப்பி சொன்னது. ஒரு சாரியில் 1,200 ரூபா மிச்சம். அதுவே 4,800 ரூபா. அதோடு கலியாண வீடொன்றுக்குப் பதினைந்து சாரி கேட்டிருந்த ஒரு பெண், தளம் திறக்காததால் வேறிடத்தில் வாங்கிவிட்டார். அது 18,000 ரூபா. மொத்தம் 22,800. மாதம் 40 டொலர் சேவையகத்துக்கு மாறினால் மேலதிகச் செலவு வருடத்துக்கு 420 டொலர், அதாவது 126,000 ரூபா. அப்படியான ஐந்தாறு இரவுகள் ஒரே வருடத்தில் வந்தால்தான் அந்த மாற்றம் கட்டுப்படியாகும்.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கணக்கு சரி மகள். ஆனா அந்த மனுசி இனி எங்கள்ட்ட வருமா? அதை எந்தக் கொப்பியில எழுதுற?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு ரூபா கணக்குப் போட முடியாது. ஆனால் நம்பிக்கையைக் காப்பதற்கு 420 டொலர் மட்டுமே வழி இல்லை என்று காக்காவும் நானும் சேர்ந்து சொன்னோம்.

அமேசன் சேவை நின்ற அன்று, அவர்களின் நிலைமையைக் காட்டும் பக்கத்தையே புதுப்பிக்க முடியாமற் போனது. அந்தப் பக்கமும் நின்றுபோன அதே சேவையை நம்பியிருந்தது. இதிலிருந்து கிடைத்த பாடம் சிறியது, செலவில்லாதது. அறிவித்தலைத் தளத்துக்கு வெளியே வைக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு சாரியோடும் போகும் சீட்டில் உம்மாவின் வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது. தளம் நின்றால் பேஸ்புக் பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் அறிவித்தல் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தளத்தைத் திறந்து பார்த்து, திறக்காவிட்டால் செய்தி அனுப்பும் இலவசச் சேவை ஒன்றைக் காக்கா பூட்டியிருக்கிறார். அது முகப்புப் பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஓடர் பக்கத்தையும் பார்க்கும். சேவையகம் உயிரோடு இருந்தும் தரவுத்தளம் நின்றுபோனால் முகப்பு அழகாகத் தெரியும், ஓடர் மட்டும் போகாது.

படங்களும் ஓடர் பட்டியலும் வெள்ளிக்கிழமை தோறும் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று சேவையகத்தில், ஒன்று மாமாவின் வீட்டில் உள்ள வெளி வன்தட்டில், ஒன்று வேறு நிறுவனத்தின் மேகச் சேமிப்பில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை வேறோர் இடத்தில் திரும்ப எழுப்பிப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நம்ப முடியாது.

மென்பொருள் புதுப்பித்தல் எல்லாம் ஷஃபான் மாதத்திலேயே முடிந்துவிடும். நோன்பின் கடைசிப் பத்தில் தளத்தில் யாரும் கை வைப்பதில்லை. பெரிய நிறுவனங்களும் பண்டிகைக் காலத்தில் இப்படித்தான் மாற்றங்களை நிறுத்தி வைக்கின்றன.

மாமா வருடக் காசைக் கட்டினார். ஒரு நிபந்தனையோடு. தளம் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று நான் ஒரு தாளில் எழுதித் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அந்தத் தாளில் இதுவரை மூன்று வரிகள் இருக்கின்றன. 18 நிமிடம், 1 மணித்தியாலம் 10 நிமிடம், 7 நிமிடம். கடைசி வரி அறிவித்துச் செய்த பராமரிப்பு. கூட்டினால் 95 நிமிடம். எட்டே முக்கால் மணித்தியாலத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. அது முழுவதும் ஒரே பெருநாள் இரவில் வந்து சேரவும் கூடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தையல், கேக், அபாயா என்று வீட்டிலிருந்தே விற்கும் உம்மாமார் இதை வாசிக்கும் மாணவிகளின் வீடுகளிலும் இருப்பார்கள். தளம் அமைத்துத் தருபவரிடம் அவர்கள் சார்பில் நீங்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த வீதம் மாதத்துக்கா வருடத்துக்கா? பராமரிப்பு நேரம் நமது மணிக்கூட்டில் எத்தனை மணி? காப்புப் பிரதி எந்த இடத்தில் இருக்கிறது? பதில்களைக் காசு கட்டுமுன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் கூலிக்காரப் பெண்கள் இருவரும் இன்றும் தறியில்தான் இருக்கிறார்கள். நேற்றுப் பாவு பிணைத்த நாள் என்பதால் ஒரு தறி மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.